ஒரே ஸ்விட்ச், இரண்டு விதி: கேம் கன்சோலின் பூட்டு எங்கே இருக்கிறது?

நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்க நினைப்பவர்களைக் குழப்பும் ஒரு தகவல் உண்டு. 2017-லும் 2018-இன் தொடக்கத்திலும் செய்யப்பட்ட ஸ்விட்சை ஒரு யூஎஸ்பி கேபிளும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால், நிறுவனம் அனுமதிக்காத நிரலையும் ஓட்டும்படி திறந்துவிடலாம். எந்த அப்டேட் வந்தாலும் அந்த ஓட்டை மூடாது. 2019-க்குப் பின் வந்த ஸ்விட்சில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட்டைச் சால்டர் செய்தால் அதுவும் திறந்துகொள்கிறது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, ஓடும் கேம்களும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அப்டேட் போட்டும் தீராத பிழை என்று ஒன்று இருக்க முடியுமா?

இருக்க முடியும். ஏனெனில் அந்தப் பிழை சிலிக்கனிலேயே பதிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கன்சோலின் பூட்டு நாற்பது ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரையே சந்தேகிக்கும் பூட்டு

வங்கியின் சர்வரைத் தாக்குபவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். இயந்திரம் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. கன்சோலின் நிலைமை தலைகீழ். காசு கொடுத்து வாங்கியவர் அதைத் தன் மேசையில் வைத்துப் பிரிக்கலாம், எந்தக் கம்பியிலும் மின்துடிப்பைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டலாம், எந்தச் சிப்பையும் கழற்றலாம், ஆண்டுக்கணக்கில் பொறுமையாக முயலலாம். ஒருவர் வழி கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்தால் போதும்.

இவ்வளவு கடினமான காவலை நிறுவனங்கள் ஏன் ஏற்கின்றன? கன்சோலை அடக்க விலையை ஒட்டியோ, சில சமயம் நஷ்டத்துக்கோ விற்றுவிட்டு, விற்பனையாகும் ஒவ்வொரு கேமிலும் பங்கு வாங்கி ஈடுகட்டுவது இந்தத் தொழிலின் கணக்கு. திருட்டுப் பிரதி ஓடினால் அந்தக் கணக்கு குலைகிறது. ஆன்லைன் ஆட்டத்தில் ஏமாற்று மென்பொருள் நுழைந்தால் நேர்மையாக ஆடுகிறவர்கள் விலகிப் போகிறார்கள்.

பூட்டை உடைக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தான் எழுதிய நிரலைத் தன் கன்சோலில் ஓட்ட விரும்புபவர், பழுது பார்ப்பவர், பழைய கேம்களை அழியாமல் காக்க நினைப்பவர், திருட்டுப் பிரதி விற்றுக் காசு பார்ப்பவர் என நான்கு வகையினர் உண்டு. முதல் மூவரிடம் இருக்கும் திறமையின் விளைச்சலைத்தான் நான்காமவர் பெரும்பாலும் அறுவடை செய்கிறார். இந்த உண்மை பின்னால் ஒரு முக்கியமான முடிவுக்குக் காரணமானது.

முதல் பூட்டுகள்: கார்ட்ரிட்ஜிலும் வட்டிலும்

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலில் ஒரு சிறு பூட்டுச் சிப் இருந்தது. அதே வகைச் சிப் ஒன்று ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் இருந்தது. இரண்டும் ஒரே நிரலை ஒரே தாளத்தில் ஓட்டி, ஒன்றின் விடையை மற்றது சரிபார்க்கும். தாளம் பிசகினால் கன்சோல் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அந்தக் கன்சோலில் திரை விட்டுவிட்டு மினுங்குவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் இதுதான். கன்சோலில் இருந்த சிப்பின் 4-ஆம் காலை வெட்டிவிட்டால் அது தன்னைப் பூட்டு என்று கருதாமல் சாவி என்று கருதிக்கொள்ளும். ரீசெட் செய்வதை நிறுத்திவிடும். அத்தோடு காவல் முடிந்தது.

முதல் பிளேஸ்டேஷன் வட்டை நம்பியது. அசல் வட்டின் உள்விளிம்பில் தடம் மிக நுண்ணிய அளவில் நெளிந்திருக்கும். அந்த நெளிவில் நான்கெழுத்து மண்டலக் குறியீடு ஒளிந்திருக்கும். சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் டிரைவ் படித்த குறியீடு மதர்போர்டில் வெளிப்படையாக ஓடிய ஒரு கம்பி வழியே சென்றது. எட்டுக் கால்கள் கொண்ட மலிவான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை அந்தக் கம்பியில் ஒட்டி, அதே நான்கு எழுத்துகளை ஓயாமல் சொல்ல வைத்தார்கள். மோட்சிப் என்ற சொல் பரவலானது அப்போதுதான்.

இரண்டிலும் குறை ஒன்றே. ஆம், இல்லை என்று விடை சொல்லும் கம்பி வெளியே ஓடினால், அதில் ‘ஆம்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிவிடி டிரைவுக்கும் இதே கதி நேர்ந்தது: வட்டு அசலா என்று கன்சோல் டிரைவைக் கேட்டது, டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றியவர்கள் அதைப் பொய் சொல்ல வைத்தார்கள்.

நம்பிக்கைச் சங்கிலி

2000-க்குப் பிறகு வந்த கன்சோல்கள் கேம் அசலா என்று பார்ப்பதோடு நிற்கவில்லை. ஓடும் ஒவ்வொரு நிரலும் நிறுவனம் ஒப்புக்கொண்டதுதானா என்று பார்க்கத் தொடங்கின. அதன் படிகள் பொதுவாக இப்படி இருக்கும்:

1. பவர் பொத்தானை அழுத்தியதும் செயலி முதலில் பூட் ரோம் என்ற பகுதியைப் படிக்கிறது. இது சிப்பைத் தயாரிக்கும்போதே அதன் உலோக அடுக்குகளில் பதிக்கப்படும் நிரல். பிறகு யாராலும் மாற்ற முடியாது, தயாரித்த நிறுவனத்தாலும்கூட.

2. பூட் ரோம், ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து அடுத்த நிரலான பூட்லோடரை எடுத்து அதன் ஹாஷைக் கணக்கிடுகிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்ற எண். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அது முழுக்க மாறிவிட வேண்டும்.

3. அந்த ஹாஷுக்கு நிறுவனம் போட்ட டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்க்கிறது. கையொப்பமிடும் ரகசியச் சாவி நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் கன்சோலில் இருக்கும்.

4. சரியென்றால் பூட்லோடர் ஓடும். அது இயங்குதளத்தைச் சரிபார்க்கும். இயங்குதளம் கேமைச் சரிபார்க்கும். எந்தக் கண்ணி பிசகினாலும் கன்சோல் நின்றுவிடும்.

சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் அப்டேட்டால் மாற்றலாம், முதல் கண்ணியைத் தவிர. பூட் ரோமை மாற்ற முடியாது என்பதால்தான் அதை நம்புகிறோம். அதில் பிழை இருந்தால் அதையும் மாற்ற முடியாது. ஸ்விட்ச் பற்றிய குழப்பத்தின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

512 பைட்டில் ஒரு பாடம்

2001 நவம்பரில் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலி இருந்தது. கடையில் கிடைக்கும் பிசி செயலியின் உறவினர்தான் அது. அதற்குள் ரகசிய ரோம் வைக்க மைக்ரோசாஃப்டுக்கு வழி இல்லை. எனவே என்விடியா செய்து தந்த, கன்சோலின் மற்ற பாகங்களைச் செயலியோடு இணைக்கும் சவுத்பிரிட்ஜ் சிப்பில் 512 பைட் ரோமை ஒளித்து வைத்தார்கள். அதில் குறியாக்கச் சாவியும், ஃபிளாஷில் இருந்த பூட்லோடரைக் குறிநீக்கிச் சரிபார்க்கும் நிரலும் இருந்தன.

ரோம் ஒரு சிப்பில், செயலி வேறொரு சிப்பில். ஆகவே ரகசியம் ஒவ்வொரு முறையும் மதர்போர்டின் தடங்கள் வழியே நடந்து போக வேண்டியிருந்தது. அந்தத் தடம் மிக வேகமானது, சாதாரணக் கருவிகளால் ஒட்டுக் கேட்க முடியாது என்று நம்பினார்கள். 2002-இல் எம்ஐடி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், ரேமுக்குப் போகும் அகலமான, பல கம்பிகள் கொண்ட தடத்தை விட்டுவிட்டு, சில கம்பிகளே கொண்ட ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் தடத்தைத் தேர்ந்தெடுத்தார். எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப் பொருத்திய சிறு பலகை ஒன்றைத் தானே செய்து அதில் இணைத்து, கடந்து போன பைட்டுகளைப் பதிவு செய்து சாவியை எடுத்தார்.

சாவி வெளியானதும் இன்னொரு தவறு தெரிந்தது. பயன்படுத்திய ஆர்சி4 என்ற குறியாக்க முறை மறைப்பதற்கு மட்டுமே உதவும். நடுவில் ஒரு பைட்டை மாற்றினால் குறிநீக்கியதிலும் அந்த ஒரு பைட் மட்டுமே மாறும். ரோமோ கடைசியில் இருக்கும் ஒரு குறி எண் சரியா என்று மட்டும் பார்த்தது. அதாவது கதவின் கைப்பிடி மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் பார்க்காமல் விட்டார்கள்.

அடுத்த பதிப்பில் ஆர்சி4-க்குப் பதிலாக டீ என்ற குறியாக்க முறையை ஹாஷாகப் பயன்படுத்தினார்கள். அந்த முறையில் சில குறிப்பிட்ட ஜோடி பிட்டுகளைச் சேர்த்து மாற்றினால் ஹாஷ் மாறாது என்பது முன்பே தெரிந்திருந்த பலவீனம். ஒரு தாவல் கட்டளையில் அப்படி ஒரு ஜோடியை மாற்றியதும் நிரல் வேறு முகவரிக்குத் தாவியது. அந்த முகவரியில் தாக்குபவரின் நிரல் காத்திருந்தது.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. சரிபார்ப்பு தோற்றால் ரோம் தன்னை மறைத்துக்கொண்டு, முகவரி வெளியின் கடைசி பைட்டைத் தாண்டி ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. அங்கே செயலி பிழை காட்டி நின்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. இன்டெல் செயலி நிற்காது. கடைசி முகவரிக்குப் பின் பூஜ்ஜியத்திலிருந்து தொடரும். பூஜ்ஜியத்தில் இருப்பது ரேம், அதில் முன்கூட்டியே எழுதி வைக்க வழியும் இருந்தது. பாதுகாப்பு நிரலை எழுதும் யாரும் தான் எழுதும் செயலியின் ஓர நடத்தையைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சிப்புக்கு வெளியே இருப்பது எதிரியின் நிலம்

ரேமும் தனிச் சிப்தான். அதன் கம்பிகளும் தொடக்கூடியவைதான். நின்டெண்டோ வீயில் 64 எம்பி ரேம் தனியாக இருந்தது. பழைய கேம்கியூப் ஆட்டங்களை ஓட்டும்போது அதில் கால்பங்கு மட்டுமே நிரலின் கண்ணுக்குத் தெரியும். முகவரிக் கம்பிகளை ஒரு சிறு இடுக்கியால் தொட்டு இணைத்தபோது, தெரியும் கால்பங்கு வேறு இடத்துக்கு நகர்ந்தது. அழிக்காமல் விட்டிருந்த சாவிகள் அங்கே கிடைத்தன. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ், பிளேஸ்டேஷன் 3-இன் ரேம் தடத்தில் சுமார் 40 நானோ நொடித் துடிப்பைச் செலுத்தினார். ஒரு நினைவகப் பகுதிக்கான அனுமதியை அழிக்கும் உத்தரவு ரேமைச் சென்றடையவில்லை. பழைய அனுமதி உயிரோடு இருந்தது. அதன் வழியே ஹைப்பர்வைசருக்குள், அதாவது இயங்குதளத்துக்கும் மேலே நின்று காவல் காக்கும் நிரலுக்குள், நுழைந்தார்.

இதற்கு மாற்று மருந்து 2005-இலேயே எக்ஸ்பாக்ஸ் 360-இல் இருந்தது. பூட் ரோம் செயலிக்குள்ளேயே இடம் பெற்றது. ஹைப்பர்வைசர் இருந்த ரேம் பகுதியை வன்பொருளே குறியாக்கம் செய்தது. உள்ளடக்கம் மாறியதா என்றும் சரிபார்த்தது. கம்பியில் ஒட்டுக் கேட்டால் பொருளற்ற எண்கள்தான் கிடைக்கும். வெளியிலிருந்து எதையாவது எழுதினால் கன்சோல் நின்றுவிடும்.

எரித்தால் மீளாத ஃபியூஸ்

அந்தச் செயலியில் இன்னொன்றும் இருந்தது: 768 இ-ஃபியூஸ்கள். ஒவ்வொன்றும் சிப்புக்குள் ஒரு நுண்ணிய இணைப்பு. அதிக மின்சாரம் செலுத்தி எரித்தால் பூஜ்ஜியம் ஒன்றாகும். மீண்டும் பூஜ்ஜியம் ஆகாது. இவற்றுக்கு இரண்டு முக்கிய வேலைகள்.

முதல் வேலை, அடையாளம். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியான 128 பிட் சாவி தொழிற்சாலையில் எரிக்கப்படும். ஃபிளாஷில் உள்ளவை அந்தச் சாவியோடு பிணைக்கப்படுவதால், ஒரு கன்சோலின் ஃபிளாஷை இன்னொன்றில் வைத்தால் ஓடாது.

இரண்டாவது வேலை, பின்னோக்கிப் போவதைத் தடுப்பது. ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டாலும், பழைய ஓட்டைப் பதிப்பை மீண்டும் ஏற்றிவிட்டால் பயன் இல்லை. பழைய பதிப்பிலும் நிறுவனத்தின் உண்மையான கையொப்பம் இருக்கிறதே! எனவே முக்கியமான அப்டேட்டின்போது சில ஃபியூஸ்கள் எரிக்கப்படும். தனக்குரிய எண்ணிக்கையைவிட அதிகம் எரிந்திருந்தால் பழைய பதிப்பு ஓடாது. ஸ்விட்சிலும் இதே முறைதான்: குறைவாக எரிந்திருந்தால் பூட்லோடர் மீதியை எரித்துவிட்டுத் தொடரும், கூடுதலாக எரிந்திருந்தால் நின்றுவிடும்.

இதையும் சுற்றிப் போக முயன்றார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 மதர்போர்டில் ஃபியூஸை எரிக்கும் மின்சாரம் ஆர்6டி3 என்று குறிக்கப்பட்ட சிறு ரெசிஸ்டர் வழியே வந்தது. அதைக் கழற்றிவிட்டால் எந்த அப்டேட்டாலும் ஃபியூஸை எரிக்க முடியாது. வன்பொருளில் ஒரு காவலை வைத்து, அதற்குச் சோறு போகும் வழியை வெளியே விட்டதன் விளைவு இது.

2007-இல் நடந்த ஒரு தாக்குதல் இன்னும் நுட்பமானது. பூட்லோடர் 16 பைட் ஹாஷை ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டு, முதல் தவறிலேயே நிறுத்தியது. முதல் பைட் சரியாக இருந்தால் நிற்க ஒரு கணம் கூடுதலாக ஆகும். அந்தக் கணத்தை அளந்தே ஒவ்வொரு பைட்டையும் ஊகித்துவிடலாம். பைட்டுக்கு 256 வாய்ப்பு, 16 பைட். ஆக அதிகபட்சம் 4,096 முயற்சிகள். நேர வேறுபாடு கசியாமல் இருந்திருந்தால் பிரபஞ்சத்தின் வயது போதாது. மருந்து எளியது: தவறு கண்டாலும் 16 பைட்டையும் முழுக்க ஒப்பிட்டுவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும்.

க்ளிட்ச்: செயலியைத் தடுமாற வைப்பது

நிரலில் பிழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை ஓட்டும் செயலியைத் தவறு செய்ய வைக்கலாம். டிரான்சிஸ்டர்கள் சரியாக வேலை செய்ய நிலையான வோல்டேஜும் சீரான கடிகாரத் துடிப்பும் தேவை. சரியான கணத்தில் சில நானோ நொடிகள் மட்டும் அதைக் குலைத்தால் ஒரு கட்டளை நழுவிப் போகலாம், அல்லது தவறான விடை வரலாம். குலைப்பு குறைவாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அதிகமானால் செயலி ரீசெட் ஆகிவிடும். எப்போது, எவ்வளவு நேரம் என்ற இரண்டு எண்களைத் தேடிப் பிடிப்பதுதான் மொத்த வேலையும்.

இதன் உச்சம் 2011 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பாக்ஸ் 360 ரீசெட் க்ளிட்ச். பழைய, தடித்த மாடல்களில் அது நடந்த வரிசை:

1. பூட் நிலையைக் காட்டும் எண்களைச் செயலி சில கால்களில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலைச் சோதனைக்காக வைத்தது அது. சிஎல்பிடி என்ற, விருப்பப்படி அமைத்துக்கொள்ளக்கூடிய சிறு சிப் ஒன்று அதைப் படித்து, ஹாஷ் ஒப்பீடு நெருங்குவதைத் தெரிந்துகொண்டது.

2. உடனே ஒரு கம்பி வழியே கடிகார வேகப்பெருக்கியை முடக்கியது. 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலி ஆமை வேகத்துக்கு இறங்கியது. இது இல்லாவிட்டால் சரியான கணத்தைக் குறிவைக்கவே முடியாது.

3. ஒப்பீட்டு நிலை தொடங்கியதும் எண்ணத் தொடங்கி, அந்த நிலையின் மொத்த நேரத்தில் சுமார் 62 சதவீதம் கடந்தபோது, ரீசெட் கம்பியில் ஏறத்தாழ 100 நானோ நொடித் துடிப்பு.

4. அவ்வளவு குறுகிய துடிப்புக்குச் செயலி முழுதாக ரீசெட் ஆகவில்லை. ஆனால் அதன் உள்ளே எண்களைத் தாங்கும் சில பதிவகங்கள் அழிந்தன. ஒப்பீட்டின் விடை பூஜ்ஜியமானது. பூஜ்ஜியம் என்றால் ‘வேறுபாடு இல்லை’ என்று பொருள். பொய்யான பூட்லோடர் உண்மையானதாக ஏற்கப்பட்டது.

ஒவ்வொரு முயற்சியும் பலிக்காது. அதனால் மின்சாரத்தைக் கவனிக்கும் துணைச் சிப்பின் நிரலையும் மாற்றி, பலிக்கும் வரை கன்சோலைத் தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்க வைத்தார்கள். குறியாக்கமும் ஹாஷும் ஹைப்பர்வைசரும் எல்லாம் சரியாகவே இருந்தன. வெளியே விட்ட மூன்று கம்பிகள், அதாவது நிலை எண், கடிகாரம், ரீசெட், போதுமானதாக இருந்தன.

க்ளிட்சைத் தடுக்க இன்று கையாளும் வழிகள் இவை. இவற்றில் ஒன்று மட்டும் போதாது, சேர்ந்தால்தான் பலன்.

1. ஒரே சரிபார்ப்பை இரண்டு மூன்று முறை, வெவ்வேறு விதமாகச் செய்வது. ஒரு கணத்தைக் குலைப்பவர் இப்போது மூன்று கணங்களைக் குலைக்க வேண்டும்.

2. ‘சரி’ என்பதற்குப் பூஜ்ஜியத்தையோ ஒன்றையோ பயன்படுத்தாமல் நீண்ட, கலவையான எண்ணைப் பயன்படுத்துவது. தடுமாறிய செயலி பூஜ்ஜியத்தை எளிதில் தரும். 32 பிட்டும் சரியான ஓர் எண்ணைத் தற்செயலாகத் தராது.

3. சரிபார்ப்புக்கு முன் தற்செயல் அளவில் தாமதம் சேர்ப்பது. குறிவைக்க வேண்டிய கணம் ஒவ்வொரு முறையும் நகர்ந்துவிடும்.

4. வோல்டேஜையும் கடிகாரத்தையும் சிப்புக்குள்ளேயே கண்காணித்து, பிசகினால் சாவிகளை மறைத்துவிட்டு நிறுத்துவது.

5. விற்பனைக்குப் போகும் கன்சோலில் நிலை எண் போன்ற துப்புகள் எதையும் வெளியிடாமல் இருப்பது.

மீண்டும் ஸ்விட்சுக்கு

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். ஸ்விட்சில் உள்ள டெக்ரா எக்ஸ்1, கன்சோலுக்கென்றே வடிக்கப்பட்ட சிப் அல்ல. 2015-இல் என்விடியாவின் ஷீல்ட் டிவியிலும் அதுவே இருந்தது. தொழிற்சாலையில் பழுது நீக்குவதற்காக அதில் மீட்பு நிலை ஒன்று உண்டு. ஜாய்-கான் என்ற கைப்பிடியைக் கழற்றி மாட்டும் வலப்பக்கத் தண்டவாளத்தில் உள்ள ஒரு தொடுமுனையைத் தரைக்கம்பியோடு இணைத்து, வால்யூமைக் கூட்டும் பொத்தானோடு பவர் பொத்தானையும் அழுத்தினால், பூட் ரோமே யூஎஸ்பி வழியாகப் பேசத் தொடங்கும். கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஏற்பதாக ஏற்பாடு.

பிழை கையொப்பச் சோதனையில் இல்லை. அதற்கு முந்தைய யூஎஸ்பி உரையாடலில் இருந்தது. ஒரு சாதாரண நிலைக் கேள்விக்கு விடை எத்தனை பைட் வேண்டும் என்று கணினி சொல்லும். பூட் ரோம் அந்த எண்ணை அப்படியே நம்பி 65,535 பைட் வரை நகலெடுத்தது. சில பைட்டுகளுக்கான இடத்தில் அவ்வளவையும் கொட்டியதால், அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முகவரி அழிந்து, தாக்குபவர் தந்த முகவரி அங்கே அமர்ந்தது. 2018 ஏப்ரலில் கேட் டெம்கின் தலைமையிலான ரீஸ்விட்ச்டு குழுவும், தனியாக ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவும் இதை வெளியிட்டன. அந்த ஆண்டு மார்ச் இறுதிக்குள் சுமார் 1.78 கோடி ஸ்விட்சுகள் விற்றிருந்தன. அத்தனையிலும் இந்தப் பிழை நிரந்தரம்.

நிறுவனம் என்ன செய்தது? டெக்ராவின் பூட் ரோமில் சில கட்டளைகளை மாற்றி ஓட்டும் சிறு திருத்தங்களை ஃபியூஸில் எழுதும் வசதி இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் ஒருமுறை எழுதிப் பூட்டிவிட்டால் பிறகு திறக்காது. ஆகவே 2018-இன் நடுவிலிருந்து வந்த புதிய கன்சோல்களில் மட்டுமே திருத்தம் எழுத முடிந்தது. வரிசை எண்ணைப் பார்த்து இது உடையும், இது உடையாது என்று மக்கள் பட்டியல் போட்டது இதனால்தான். 2019-இல் வந்த திருத்திய சிப்பில் பூட் ரோமே புதிது.

அந்தப் புதிய சிப்பிலும் கிளிட்சுக்கு எதிரான காவல் போதுமானதாக இல்லை. செயலிக்கு மின்சாரம் போகும் இடத்தில் மாஸ்ஃபெட் என்ற மின்னணுத் திறப்பானை வைத்து, பூட் ஆகும் கணத்தில் வோல்டேஜை நொடியின் மிகச் சிறு பங்கு தரைக்கு இழுத்தால் கையொப்பச் சோதனை நழுவியது. சரியான கணத்தை அறிய, சேமிப்புச் சிப்பின் கம்பிகளைக் கவனித்தார்கள். முதலில் விலையுயர்ந்த மோட்சிப்களாக வந்த இந்த முறை, பிறகு ஒரு டாலருக்கு விற்பனைக்கு வந்த ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலரிலேயே நடந்தது. கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் வடித்த சிப்பைக் கன்சோலில் வைத்ததன் விலை இது என்பது என் கணிப்பு. கைப்பேசியின் உரிமையாளர் தன் கைப்பேசியின் மின்கம்பியில் மாஸ்ஃபெட் வைக்கப் போவதில்லை. கன்சோல் உரிமையாளர் வைப்பார்.

தாக்குப்பிடித்த ஒரு வடிவமைப்பு

2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், பத்தாண்டு கடந்தும் திருட்டுப் பிரதி ஓட்டும் மோட்சிப் சந்தைக்கு வராத கன்சோல். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டோனி சென் 2019-இல் ஒரு மாநாட்டில் அதன் அடிப்படையை விளக்கினார். முதன்மைச் சிப்புக்கு வெளியே இருக்கும் எதையும், அது ரேமோ ஃபிளாஷோ ஹார்ட் டிஸ்கோ ப்ளூ-ரே டிரைவோ, நம்பக்கூடாது என்பதுதான் அது. சாவிகள் சிப்புக்குள் தனி வன்பொருளில் இருக்கும். இயங்குதளமே கேட்டாலும் சாவியைத் தராது, அதைக் கொண்டு குறிநீக்கிய தரவை மட்டும் தரும். ஆக இயங்குதளத்தில் ஓட்டை கண்டவருக்கும் சாவி கிடைக்காது.

இன்னொரு முடிவு வன்பொருள் சாராதது, ஆனாலும் இணையாகப் பலன் தந்தது என்று கருதுகிறேன். 2016 முதல் கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலேயே டெவலப்பர் நிலையைத் திறந்து சொந்த நிரலை ஓட்ட அனுமதித்தார்கள். சொந்த நிரல் ஓட்ட விரும்பிய திறமைசாலிகளுக்குப் பூட்டை உடைக்கும் தேவை குறைந்தது. எதிர்த்திசையில் போனது பிளேஸ்டேஷன் 3: ஹாட்ஸின் தாக்குதலுக்குப் பின், 2010 ஏப்ரல் 1-இல் 3.21 பதிப்பின் வழியே லினக்ஸ் நிறுவும் வசதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு அதன் கையொப்பச் சாவியைக் கணக்குப் போட்டே எடுக்கலாம் என்று காட்டியது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய தற்செயல் எண்ணை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக வைத்திருந்தார்கள். அப்படி இரண்டு கையொப்பங்கள் கிடைத்தால், இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். பள்ளி அல்ஜீப்ராவின் வழியில் சாவி விழுந்துவிடும். எவ்வளவு உறுதியான சிப்பாக இருந்தாலும் பெட்டகத்துச் சாவி தெரிந்த பிறகு அது காக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பயன்படுத்துவோருக்கு இதனால் என்ன?

1. பழைய கன்சோல் வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் அதை இணையத்தில் இணைத்து ஆன்லைன் கடை திறக்கிறதா என்று பாருங்கள். நின்டெண்டோ ஒரு ஸ்விட்சைத் தன் ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்திருந்தால், அந்தத் தடை கன்சோலின் தனி அடையாளத்தோடு ஒட்டிக்கொள்வது. கணக்கை மாற்றினாலும், முழுதாக அழித்து மீட்டாலும் போகாது.

2. அப்டேட் போட்டபின் பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று நம்ப வேண்டாம். எரிந்த ஃபியூஸ் எரிந்ததுதான்.

3. மோட்சிப் வைத்த ஸ்விட்சில் செயலியை ஒட்டிய நுண்ணிய கெப்பாசிட்டர்களில் சால்டர் செய்திருப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் கன்சோல் விட்டுவிட்டு நின்றுபோகும், அல்லது கருந்திரையோடு கிடக்கும். மலிவாகக் கிடைக்கும் இரண்டாம் கை கன்சோலில் இதைக் கவனிக்க வேண்டும்.

4. இந்தியாவில் 2012 திருத்தத்தால் சேர்ந்த பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பக் காவலை உடைப்பதை இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நோக்கம் என்ற சொல் அதில் முக்கியம்.

ஐந்தாவது, பழுது பார்ப்பது. இதுதான் அதிகம் வருத்தம் தருவது. வட்டு டிரைவ் பொய் சொன்ன அனுபவத்துக்குப் பிறகு நிறுவனங்கள் டிரைவை மதர்போர்டோடு சாவியால் பிணைத்தன. எக்ஸ்பாக்ஸ் 360-இல் லேசர் பழுதானால் வேறொரு டிரைவை அப்படியே மாட்ட முடியாது; பழைய டிரைவின் சர்க்யூட் பலகையைப் புதியதில் மாற்றிப் பொருத்த வேண்டும், அல்லது பழைய சாவியைப் புதியதில் எழுத வேண்டும். திருட்டுக்கு எதிராகப் போட்ட பூட்டு, காசு கொடுத்து வட்டு வாங்கியவரையும் வெளியே நிறுத்தியது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2021-இல், பூட்டை உடைப்பதற்கான தடையிலிருந்து கன்சோல் வட்டு டிரைவைப் பழுது பார்ப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. 2023-இன் மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவைக் கழற்றி மாட்டலாம், ஆனால் முதல்முறை மாட்டும்போது இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் பிணைத்துக்கொள்ள வேண்டும். அந்த சர்வர் என்றாவது நிறுத்தப்பட்டால், அதன் பின் புதிதாக மாட்டும் டிரைவ் அலமாரியில் இருக்கும் அசல் வட்டுகளையும் படிக்காது.